பால் திரையாமல், மருந்து மணக்காமல்: வன்னி வீட்டில் மசாலாத் தேநீர்

மல்லாவியில் இருந்து ஒரு தங்கை மூன்று சங்கடங்களைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். இந்தியக் காணொளிகளில் காட்டும் மசாலாத் தேநீரைச் சொன்னது சொன்னபடியே செய்தும் சில நாட்களில் பால் திரைந்து போகிறது. திரையாத நாட்களில், தடிமனுக்கு அவித்துக் குடிக்கும் மல்லித் தண்ணீர் போல மணக்கிறது. இவற்றுக்கு மேலாக, சீனி வருத்தம் உள்ள மாமிக்கு இதை எப்படிக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

தங்கைச்சி, உங்கள் கையில் பிழை இல்லை. அந்தச் செய்முறைகள் வேறு தேயிலைக்கும் வேறு பாலுக்கும் வேறு பட்டைக்கும் எழுதப்பட்டவை. மசாலாத் தேநீர் என்றதும் பலர் சரக்கின் அளவைத்தான் கேட்கிறார்கள். ஏலக்காய் எத்தனை, கராம்பு எத்தனை என்று. நான் கண்ட அளவில், அளவு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் தேநீர் குடிக்கக் கூடியதாகவே இருக்கும், ஆனால் எது எப்போது அடுப்பில் ஏறுகிறது என்பது பிழைத்தால் எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் பயன் இல்லை. ஆகவே முதலில் ஒவ்வொரு பொருளின் குணத்தையும் சொல்லி, பிறகு செய்முறைக்கு வருகிறேன்.

பால் திரைவதற்கு முதற்காரணம் பெரும்பாலும் இஞ்சிதான். பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் ஒரு நொதியம் இருக்கிறது. பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தை அது துண்டாக்கும்போது பால் கட்டிபடுகிறது. சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் இதையே ஒரு பண்டமாகச் செய்கிறார்கள்: கிண்ணத்தில் இஞ்சிச்சாற்றை விட்டு, அதன்மேல் ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் சூட்டில் உள்ள பாலை ஊற்றி அசையாமல் வைத்தால், சில நிமிடங்களில் அது தயிர் போல உறைந்து விடும். அவர்களுக்கு விருந்தாவது எங்களுக்கு நட்டமாகிறது. இந்த நொதியம் இளஞ்சூட்டிலும் நடுத்தரச் சூட்டிலும் மும்முரமாக வேலை செய்யும். கொதிநீரில் சில நிமிடம் கிடந்தால் செத்துவிடும். ஆகவே இடித்த இஞ்சியைப் பாலில் போட்டுப் பாலோடு சேர்த்துச் சூடாக்கவே கூடாது. தண்ணீரில் போட்டு, கொதி வந்த பிறகும் ஐந்து நிமிடமாவது அவிய விட்டு, அதன் பின்னரே பாலைச் சேர்க்க வேண்டும். காணொளிகளில் சிலர் தண்ணீர், பால், இஞ்சி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏற்றியும் தப்பி விடுகிறார்கள். அவர்களின் பால் பெரும்பாலும் பதப்படுத்திய புதுப் பால், அடுப்பும் பெருஞ்சுவாலை என்பதால் அந்த ஆபத்தான சூட்டை விரைவாகக் கடந்து விடுகிறது. விறகடுப்பில் மெல்ல மெல்லச் சூடேறும் சட்டியில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இரண்டாவது காரணம் பாலின் வயது. வன்னியில் கறந்த பால் கிடைப்பது ஒரு பாக்கியம்; ஆனால் காலை ஆறு மணிக்குக் கறந்த பாலைக் காய்ச்சாமல் போத்தலில் வைத்து, சித்திரை வெயிலில் பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றினால், அதற்குள் அது புளிக்கத் தொடங்கியிருக்கும். நாவுக்குப் புளிப்புத் தெரியாது, நெருப்புக்குத் தெரிந்துவிடும். இதனால்தான் பாலை எப்போதும் தனிச் சட்டியில் முதலில் காய்ச்சிவிடுங்கள் என்கிறேன். திரைகிற பால் என்றால் அந்தச் சட்டியிலேயே திரைந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். தேயிலையும் சரக்கும் மிஞ்சும். ஒருமுறை விருந்தினர் எட்டுப் பேர் விறாந்தையில் இருக்க, பாலைச் சோதிக்காமல் சாயத்தில் ஊற்றி, முழுச் சட்டியையும் கொல்லையில் கவிழ்த்தவன் நான். அன்றிலிருந்து இந்த ஒழுங்கை மீறியதில்லை. ஆட்டுப்பால் பாவிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது பசுப்பாலைவிடச் சூட்டைத் தாங்கும் வலிமை குறைந்தது என்பதால், ஒரு கொதியோடு இறக்கிவிட வேண்டும். அதன் மணத்தை இஞ்சி நன்றாக அடக்கும் என்பது ஒரு வசதி. எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டி இருப்பதால், பசுப்பாலுக்குச் சொல்லும் அளவில் முக்கால்வாசி போதும், மீதியைத் தண்ணீராக்கலாம்.

இனித் தேயிலை. இந்தியாவில் உற்பத்தியாகும் தேயிலையில் பெரும்பகுதி, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சிறு உருண்டையாகச் சுருட்டும் சி.ரி.சி. என்ற முறையில் ஆனது. 1930களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் உருவான இந்த முறையில் வரும் தூள், பாலோடு சேர்ந்து நீண்ட நேரம் கொதித்தாலும் கறுத்த, தடித்த சாயத்தையே தரும். மசாலாத் தேநீர் அந்தத் தூளோடு சேர்ந்து வளர்ந்த பானம். எங்கள் கடைகளில் கிடைக்கும் இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி வேறு விதமானது. கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867 இல் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லர், கொழுந்தைத் தன் பங்களாவின் விறாந்தையில் கையாலேயே உருட்டினார். கை போய் இயந்திரம் வந்தபோதும் அந்த உருட்டும் முறையே இங்கு நிலைத்தது. உருட்டிய தேயிலை வாசமும் சுவையும் நிறைந்தது, ஆனால் அதைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் வாசம் ஆவியாகிப் போக, துவர்ப்பு மட்டும் மிஞ்சும். அந்தத் துவர்ப்பை மறைக்க இன்னும் சீனி, இன்னும் சரக்கு என்று போட்டுக்கொண்டே போகிறோம். உங்கள் தேநீர் மருந்து போல ஆவதற்கு இதுவும் ஒரு வழி.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தில் இருந்து வந்து எங்கள் அயலில் குடியேறிய ஓர் அம்மா. தேயிலையைக் கொதியில் போட்டு நீண்ட நேரம் விட்டால் அவருக்குக் கோபமே வரும். இரண்டு நிமிடம்தான், அதற்கு மேல் விட்டால் தேயிலை அல்ல, கட்டையைத்தான் குடிக்கிறாய் என்பார். வன்னியில் மலையகத்தார் நிறைந்த ஊர்களில் நல்ல தேத்தண்ணி கிடைப்பது தற்செயல் அல்ல.

எந்தத் தேயிலையை வாங்குவது என்றால், பெட்டியில் பி.ஓ.பி.எஃப். அல்லது டஸ்ட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். இவை சிறு துகள்கள் என்பதால் குறைந்த நேரத்தில் சாயம் இறங்கும். 600 மீற்றருக்குக் கீழே, இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கங்களில் விளையும் தாழ்நிலத் தேயிலை நிறமும் கனமும் மிக்கது. பாலையும் சரக்கையும் தாங்கும். நுவரெலியாத் தேயிலை வெளிறிய, மெல்லிய வாசத் தேயிலை. அதில் கராம்பைப் போடுவது மல்லிகைப் பூவுக்கு அத்தர் பூசுவது போன்றது. அதை வெறுந்தேத்தண்ணியாகக் குடியுங்கள்.

தண்ணீரைப் பற்றி எந்தச் செய்முறையும் சொல்வதில்லை, ஆனால் வன்னியில் அதைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பே சாட்சி. இந்த நீரில் தேயிலையின் சாயம் மங்கி, கோப்பையின் மேல் எண்ணெய் போல ஓர் ஆடை மிதக்கும், வாசமும் எழும்பாது. முதல் நாள் இரவே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல் நீரை மட்டும் வார்த்து எடுத்தால் பாதிக் குறை தீரும். மாரியில் ஓட்டுக் கூரையில் இருந்து, முதல் இரண்டு மழைகளை விட்டுவிட்டுப் பிடித்த மழைநீரில் தேநீர் போட்டுப் பாருங்கள். அதே தேயிலையா என்று ஐயப்படுவீர்கள். வடிகட்டிய நீரை விலைக்கு வாங்குபவர்கள் தேயிலையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த நீரில் சாயம் கடுமையாக இறங்கும். கரையோரத்து உவர்நீரில் மட்டும் எந்த உத்தியும் பலிக்காது.

சரக்குக்கு வருகிறேன். எங்களுக்கு மிளகும் வேர்க்கொம்பும் மல்லியும் ஒன்றாக மணந்தால் நினைவுக்கு வருவது தடிமனும் காய்ச்சலும், பிள்ளை பெற்ற வீட்டின் பத்தியக் கறியும்தான். அது நாவின் குற்றம் அல்ல, வளர்ந்த வீட்டின் பழக்கம். அதனால் மல்லியை இதில் சேர்க்கவே வேண்டாம். வேர்க்கொம்பை விட்டுப் பச்சை இஞ்சியையே பாவியுங்கள். இஞ்சி காயும்போது அதன் உறைப்புப் பொருள் வேறொன்றாக மாறி இன்னும் காரமாகிறது. கடையில் வாங்கும் மசாலாத் தூள்களில் வேர்க்கொம்பே முன்னிற்பதால்தான் அவை எங்களுக்கு மருந்துக் குடிநீர் போலத் தோன்றுகின்றன. பெருஞ்சீரகம் போடுவோரும் உண்டு. எனக்கு அது இறைச்சிக் கறியை நினைவூட்டுவதால் நான் போடுவதில்லை.

கறுவாவில் எங்களுக்கு ஒரு நற்பேறு இருக்கிறது. இலங்கைக் கறுவா காகிதம் போல மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டு இருக்கும், கையாலேயே நொறுக்கலாம். இந்தியக் கடைகளில் பெரும்பாலும் விற்பது காசியா என்ற தடித்த, ஒற்றைச் சுருள் பட்டை. அதன் காரம் கூடுதல் என்பதால், அங்கு ஒரு துண்டு என்று சொன்னால் இங்கு ஒன்றரைத் துண்டு போடலாம். தூளாக்கிப் போட்டால் தேநீர் வழுவழுப்பாகிவிடும், துண்டாகவே போடுங்கள். கராம்பு இரண்டுக்கு மேல் வேண்டாம், மூன்றாவது கராம்பு பல்வலியை நினைவுபடுத்தும். மிளகின் காரம் தண்ணீரில் அதிகம் கரையாது, பாலின் கொழுப்பில்தான் வெளிப்படும்; எனவே சாயத்தைச் சுவைத்துப் பார்த்துவிட்டு மிளகு போதவில்லை என்று கூட்டிவிடாதீர்கள். ஏலக்காய் மட்டும் மற்றவற்றோடு சேராது. அதன் வாசம் மிக இலகுவாகப் பறந்துபோகும் என்பதால், தொடக்கத்திலேயே போட்டால் வீடு மணக்கும், கோப்பை மணக்காது. அதைக் கடைசியில், பாலோடுதான் சேர்க்க வேண்டும்.

நான்கு பேருக்கான அளவு இது. தண்ணீர் 450 மில்லிலீற்றர், காய்ச்சிய பசுப்பால் 350 மில்லிலீற்றர், தேயிலை மட்டமான தேக்கரண்டியில் நான்கு, பெருவிரலின் மேற்கணு அளவு இஞ்சி, அதாவது ஏறத்தாழ 15 கிராம், சுட்டுவிரல் நீளத்தில் கறுவா, கராம்பு 2, மிளகு 6, ஏலக்காய் 5. இஞ்சியை மண் போகக் கழுவித் தோலோடு இடியுங்கள். மிளகையும் கராம்பையும் ஒன்றிரண்டாக உடையுங்கள். மாவாக்க வேண்டாம், மாவானால் வடியில் நில்லாமல் கோப்பையின் அடியில் மண்டியாகத் தங்கும். இவற்றைக் கறுவாவோடு சேர்த்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததும் நெருப்பைத் தணித்து மூடி, ஆறேழு நிமிடம் விடுங்கள். இதற்குள் பக்கத்து அடுப்பில் பால் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் கொதி அடங்கி, மீண்டும் கொதிக்கும்வரை தேயிலை வீணாக அவிந்துகொண்டிருக்கும்.

சரக்குத் தண்ணீர் தயாரானதும் தேயிலையைப் போட்டு, சிறு நெருப்பில் இரண்டு நிமிடம். பிறகு சூடான பாலை ஊற்றி, தோலோடு தட்டிய ஏலக்காயைப் போட்டு, நெருப்பைச் சற்றுக் கூட்டுங்கள். பொங்கி விளிம்புவரை வரும்போது சட்டியைத் தூக்கி இறக்குங்கள். மீண்டும் ஒருமுறை பொங்க விட்டு இறக்கி மூடிவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து வடிக்கலாம். பால் சேர்ந்தபின் அடுப்பில் நிற்பது மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பாலின் கேசின் தேயிலையின் துவர்ப்புப் பொருளோடு பிணைந்து அதை மென்மையாக்கிவிடுவதால், சாயத்தில் கடுமையாக இருந்தது இப்போது வழவழவென்று இறங்கும். வடித்த பின் இரண்டு பேணிகளுக்கு இடையே நாலைந்து முறை ஆற்றுங்கள். அது கடைக்காரரின் வித்தை மட்டும் அல்ல. சீனி அடிவரை கரையும், சூடும் குடிக்கும் பதத்துக்கு இறங்கும், நுரையோடு ஏலக்காயின் மணம் மூக்குக்கு முதலில் வரும்.

பசுப்பால் கிடைக்காத வீடுகளில் பால்மாதான். 2022 நெருக்கடியில் பால்மாப் பெட்டி ஒன்றுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அதை வீணாக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் அதை அடுப்பில் உள்ள சட்டிக்குள் கொட்டுவது வீணாக்குவதே. கட்டிபட்டு, அடியில் பிடித்து, காய்ந்த மணம் வரும். பால்மாவோடு செய்வதானால் தண்ணீரை 800 மில்லிலீற்றராகக் கூட்டி, சரக்கையும் தேயிலையையும் மேற்சொன்னபடியே அவித்து, இறக்கும்போது ஏலக்காயைப் போட்டு மூடுங்கள். ஒரு பெரிய பேணியில் 45 கிராம் பால்மாவையும், அதாவது குவித்த மேசைக்கரண்டியில் ஏறத்தாழ ஐந்து, சீனியையும் உலர்வாகவே கலந்துகொள்ளுங்கள். சீனி மணிகள் பால்மாவைப் பிரித்துவைப்பதால் கட்டி விழாது. அதில் இரண்டு கரண்டி சூட்டுச் சாயத்தை விட்டுக் குழம்பாக அடித்து, பிறகு மீதியை வடித்து ஊற்றி ஆற்றுங்கள். சுவையில் பசுப்பாலுக்கு ஒரு படி கீழேதான், ஆனால் திரையுமோ என்ற பயம் அறவே இல்லை.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடலாமா என்ற கேள்வி இங்கே எப்போதும் வரும். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் சீனி அருமையாகிப் போக, குட்டானைப் பிரித்துப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. எனக்கு இன்றும் அதில் ஒரு சாய்வு உண்டு. ஆனால் கொதிக்கும் பாலில் பனங்கட்டியைப் போடாதீர்கள். பனையில் இருந்து இறக்கும் கருப்பநீர் சற்றுப் புளித்த பின் காய்ச்சிய கட்டியாக இருந்தால் அந்தப் புளிப்புப் பாலைத் திரைக்கும், எது அப்படிப்பட்டது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வேண்டுமானால் வடித்து ஆற்றிய பின், குடிக்கும் சூட்டில் கரையுங்கள். இல்லையேல் பழையபடி கடித்துக்கொள்வதே மேல். பனங்கட்டியின் மணமும் கராம்பின் மணமும் ஒன்றையொன்று மறைப்பதால், அன்றைக்குக் கராம்பை விட்டுவிடுங்கள்.

விருந்தினர் அடிக்கடி வரும் வீடு என்றால் சரக்கை முன்கூட்டியே இடித்து வைக்கலாம். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம், அடுப்புக்கு மேலுள்ள தட்டிலும் வைக்க வேண்டாம். ஏலக்காயை அதில் கலக்காமல் முழுதாகத் தனிப் போத்தலில் வைத்திருங்கள். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு குடிக்கும் தேத்தண்ணி ஏன் வீட்டில் அப்படி வருவதில்லை என்று சிலர் கேட்பார்கள். கடையில் சாயம் ஓயாமல் புதிதாக இறங்குகிறது, பால் எப்போதும் சூடாக நிற்கிறது. வேறு இரகசியம் எனக்குத் தெரிய இல்லை. பயணக் களையும் கச்சானும் பாதி வேலையைச் செய்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

கடைசியாக உங்கள் மாமியின் கோப்பை. கறுவா சீனி வருத்தத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு சீனியையும் போட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேநீரில் போடும் துண்டுக் கறுவா, கரைந்த சீனியை ஒன்றும் செய்யாது. பனங்கட்டியும் சீனியே என்பதை மாமி ஒத்துக்கொள்ளமாட்டார், இருந்தாலும் உண்மை அதுதான். பாலிலும் இயல்பான இனிப்பு, ஏறத்தாழ 5 சதவீதம், இருப்பதால் அவருடைய கோப்பைக்குப் பாலைக் குறைத்துச் சாயத்தைக் கூட்டுங்கள். சட்டியில் சீனி போடாமல் வடித்து, அவருடையதை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சீனி சேருங்கள். ஏலக்காயை அவருக்கு மட்டும் ஒன்று கூடுதலாகத் தட்டிப் போட்டால், அந்த மணத்தில் இனிப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது. தேநீர் உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், வீட்டில் இரத்தச் சோகை உள்ளவர்கள் யாராவது இருந்தால் சோற்றோடு கொடுக்காமல் ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். சீனியில்லாத கோப்பை முதல் இரண்டு நாள் மாமிக்குப் பிடிக்காது. நான்காம் நாள், இஞ்சி போதவில்லை என்று குறை சொல்லத் தொடங்குவார்.